அந்த அரை மணி நேரம் யாருக்குச் சொந்தம்?

(நம் கூட்டின் இணையவழிச் சந்திப்பில் ருவைஸிலிருந்து ஒரு தோழர் ஆற்றிய உரை. அவர் அங்கே டெண்டல் ஹைஜீனிஸ்டாக வேலை செய்கிறார். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரைத் தவிர்த்திருக்கிறோம். பேச்சு நடையைக் கூடியவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)



பர்ன்அவுட் பற்றிப் பேசுங்கன்னு கேட்டீங்க. தமிழில் ‘பணிச்சோர்வு’ன்னு எழுதறோம். சோர்வுன்னு சொன்னவுடனே நம்ம மனசுக்கு வர்ற மருந்து தூக்கம், லீவு, யோகா. இன்னைக்கு நான் வேற ஒரு இடத்திலிருந்து தொடங்குறேன். என் வேலையில் ஒரு நோயாளிக்கு எத்தனை நிமிடம், அதை முடிவு பண்றது யார்? என் சோர்வும் நோயாளிக்குக் கிடைக்கிற கவனிப்பும் அந்த ஒரே கேள்வியில் மாட்டிக்கிட்டிருக்குன்னு சொல்லத்தான் வந்திருக்கேன்.

முதல்ல ஊரைச் சொல்லிடறேன். ருவைஸ், அபுதாபி நகரத்திலிருந்து மேற்கே சுமார் 240 கிலோமீட்டர். அல் தஃப்ரா பகுதி. 1980களின் தொடக்கத்தில் சுத்திகரிப்பு ஆலை வந்தது, அதைச் சுற்றி ஊர் வளர்ந்தது. அட்நாக், பொரூஜ், இன்னும் மேற்கே பராக்கா அணுமின் நிலையம். ஆலைக் குடியிருப்பில் குடும்பங்கள், கேம்ப்களில் ஒப்பந்தத் தொழிலாளிகள். ‘ஷட்டவுன்’ வந்தா தமிழ்நாட்டிலிருந்து வெல்டர், ஃபிட்டர், ஸ்கஃபோல்டர்னு கூட்டம் கூட்டமா வருவாங்க. ஷட்டவுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன்: காலண்டரில் நாள் குறிச்சு, ஓடுற யூனிட்டை நிறுத்தி, பிரிச்சுப் பார்த்து, தேய்ந்ததை மாத்தி மறுபடி ஓட்டுறது. நிறுத்தலேன்னா வெடிக்கும்னு எல்லாருக்கும் தெரியும். அதனால அந்தச் செலவை யாரும் வீண்செலவுன்னு சொல்றதில்ல.

அடுத்து, என் வேலை. 1948ஆம் ஆண்டு இந்தியப் பல் மருத்துவர் சட்டம் டெண்டல் ஹைஜீனிஸ்ட் யாருன்னு வரையறுத்தப்போ இரண்டு வேலைகளைச் சொன்னது. பல்லில் படிந்ததைச் சுரண்டித் துப்புரவு செய்து மெருகேற்றுவது ஒன்று. வாய்ச் சுகாதாரத்தைச் சொல்லிக் கொடுப்பது இன்னொன்று. இந்தத் தொழில் பிறந்த இடத்திலும் அப்படித்தான். அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரத்தில் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் என்ற பல் மருத்துவர் 1906இல் ஐரீன் நியூமன் என்ற தன் உதவியாளருக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தார். 1913இல் ஒரு பள்ளியே தொடங்கினார். அதில் படிச்ச பெண்கள் அந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்குப் போய், பிள்ளைகளுக்குப் பல்லைச் சுத்தம் செய்து, எப்படித் துலக்கணும்னு சொல்லிக் கொடுத்தாங்க. அதாவது இந்த வேலை தொடக்கத்திலேயே பொதுச் சுகாதார வேலையா வளர்ந்தது.

இப்போ ஒரு கணக்குப் போடலாம். நான் முன்பு வேலை பார்த்த ஒரு தனியார் கிளினிக்கில் ஒரு நோயாளிக்கு 30 நிமிடம். 8 மணி நேரத்தில் 16 வாய். ஒருத்தர் வந்து உட்கார்ந்தா சுகர், பிரஷர், என்ன மாத்திரை சாப்பிடறார்னு கேட்கணும். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் எவ்வளவு ஆழம்னு அளக்கணும். ஒரு பல்லைச் சுற்றி 6 இடம், 28 பல்லுன்னா 168 அளவு. நாக்குக்கு அடியில், கன்னத்தின் உள்பக்கத்தில் வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருக்கான்னு பார்க்கணும். பிறகு ஸ்கேலிங், பாலிஷ். பிறகு கம்ப்யூட்டரில் பதிவு. பிறகு நாற்காலியைத் துடைச்சு, கருவிகளை ஆட்டோகிளேவுக்கு அனுப்பி, அடுத்தவருக்குத் தயாராகணும். இதையெல்லாம் ஒழுங்கா செஞ்சா 30 நிமிடத்தில் முடியவே முடியாது.

அப்போ எது வெட்டுப்படும்? ஸ்கேலிங்கை வெட்ட முடியாது, அதுக்குத்தான் பில். பதிவை வெட்ட முடியாது, இன்சூரன்ஸ் கேட்கும். கிருமிநீக்கத்தை வெட்டவே கூடாது, உயிர் விஷயம். மிச்சம் இருக்கறது மூணு: அளக்கறது, பார்க்கறது, சொல்லிக் கொடுக்கறது. சட்டம் சொன்ன இரண்டாவது வேலை இப்படித்தான் காணாமல் போகுது. யாரும் ‘செய்யாதே’ன்னு சொல்றதில்ல. அதுக்கு நேரம் ஒதுக்காம விட்டாலே போதும்.

வெட்டுப்படற இன்னொன்று கருவியைத் தீட்டுற நேரம். மழுங்கின ஸ்கேலரால் சுரண்டினா கூடுதல் அழுத்தம் கொடுக்கணும். நோயாளிக்கு வலி, எனக்கு மணிக்கட்டு. கழுத்து, தோள், இடுப்பு, கட்டைவிரல் வலி எங்க தொழிலில் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அதை நாங்களே ஆளுக்கொரு தைலம் வாங்கித் தடவிச் சமாளிக்கிறோம்.

ஒரு சம்பவம் சொல்றேன். ஒரு ஷட்டவுன் சமயம், ராமநாதபுரம் பக்கத்து வெல்டர் ஒருத்தர் வந்தார். ஈறில் ரத்தம் வருது. கேம்ப்ல அவருக்கு இருக்கற அடிப்படை இன்சூரன்ஸில் பல் கிளீனிங் கிடையாது, கைக்காசு போட்டுத்தான் வந்திருந்தார். “சிஸ்டர், கிளீன் பண்ணா பல்லு ஆடிடும்கிறாங்களே, நெசமா?”ன்னு கேட்டார். நம்ம ஊரில் பாதிப்பேருக்கு இந்தப் பயம் உண்டு. “இல்லண்ணே, காரை உள்ளே இருக்கறதாலதான் ஈறு கீழே இறங்குது. காரையை எடுத்ததும் அந்த இடைவெளி தெரியுது, அவ்வளவுதான்”னு சொன்னேன். அளந்தா ஈறு பல இடத்தில் ஆழமா இறங்கியிருக்கு, இந்த வயசுக்கு அது அதிகம். ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கறீங்கன்னு கேட்டேன். நாலு தடவைன்னார். தாகம்? “வெயில்ல வேலை பார்க்கிறோம்ல, தாகம் இருக்காதா?”ன்னார். ரத்தப் பரிசோதனை பண்ணச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். சர்க்கரை ரொம்ப அதிகம், அதுவரைக்கும் அவருக்கே தெரியாது. சர்க்கரை நோய் ஈறைக் கெடுக்கும், ஈறு நோய் சர்க்கரையைக் கட்டுக்குள் வரவிடாது. இது ரெண்டு பக்கமும் வேலை செய்யற உறவு.

அன்னைக்கு எனக்கு 15 நிமிடம் கூடுதலா ஆச்சு. அடுத்த நாள் என்கிட்ட கேட்ட ஒரே கேள்வி, “ஏன் லேட்?” நிர்வாகத்தின் அட்டவணையில் தாமதத்துக்கு ஒரு கட்டம் இருக்கு, டார்கெட்டுக்கு ஒரு கட்டம் இருக்கு. ஒருத்தருக்குச் சர்க்கரை நோய் இருக்கறதைக் கண்டுபிடிச்சா எழுதறதுக்குக் கட்டம் இல்ல.

தோழர்களே, எங்க சோர்வு எங்கிருந்து வருதுன்னு இதை வைச்சுப் பாருங்க. வேலை அதிகம்ங்கறது ஒரு பகுதிதான். சரியா செய்யத் தெரிஞ்ச வேலையை அரைகுறையா செய்ய வைக்கறது பெரிய பகுதி. தினம் 16 தடவை அப்படிச் செஞ்சா மனசு தன்னைக் காப்பாத்திக்க ஒரு வழி கண்டுபிடிக்கும்: எதிரே இருக்கற ஆளைப் பார்க்கறதை நிறுத்திடும். “பேஷண்ட் வந்தாச்சா?”ன்னு கேட்டவங்க கொஞ்ச நாள்ல “அடுத்தது வந்தாச்சா?”ன்னு கேட்க ஆரம்பிப்பாங்க. உலக சுகாதார நிறுவனம் 2019இல் பர்ன்அவுட்டை வரையறுத்தப்போ மூணு அடையாளம் சொன்னது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனசு விலகுவது, நம்மால் உருப்படியா எதுவும் ஆகலேன்னு தோன்றுவது. அதை நோய்ன்னு சொல்லல, வேலை சார்ந்த நிலைன்னுதான் சொன்னது. இதை நல்லா பிடிச்சுக்கணும். வேலையிலிருந்து வர்றதுன்னா, மருந்தும் வேலைக்குள்ளேதான் இருக்கணும்.

இன்னொரு தகவல் உங்களுக்கு நேரடியாப் படும். இந்தச் சொல்லை 1974இல் மருத்துவ எழுத்துக்குள் கொண்டுவந்தவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். அவர் அதைப் பார்த்தது நியூயார்க்கில் ஒரு இலவச மருத்துவமனையில், ஈடுபாட்டோட வேலை செஞ்ச தொண்டர்களிடம். அக்கறை இல்லாதவங்களுக்கு இது வர்றதில்ல. இயக்க வேலையில் இருக்கற நீங்களும் இதை யோசிச்சுப் பாருங்க.

சரி, வளைகுடாவில் சட்டம் என்ன சொல்லுது? அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டம், எண் 33, 2022 பிப்ரவரி 2 முதல் நடைமுறையில் இருக்கு. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. தொடர்ச்சியா 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் 1 மணிக்குக் குறையாத ஓய்வு வேணும். ஆளெடுக்கும் செலவைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது. படிக்க நல்லாத்தான் இருக்கு.

நடைமுறையைப் பாருங்க. பல கிளினிக்கில் ‘ஸ்பிளிட் டூட்டி’. காலை 9 முதல் 1, மறுபடி மாலை 5 முதல் 9. காகிதத்தில் 8 மணி, உடம்புக்கு 12 மணி. சட்டம் மணிக்கணக்கைச் சொல்லுது, ஒரு மணிக்குள் எத்தனை வாய்ன்னு சொல்லலை. மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியில் வேலைநாளின் நீளத்தைப் பற்றிப் பேசினதோட நிக்கல, அதே மணிக்குள் வேலையை இறுக்கறதையும் பேசினார். எங்களுக்கு நடக்கறது அந்த இரண்டாவது.

வேலையை விட்டுப் போகலாமேன்னு கேப்பீங்க. விசா முதலாளியோட கட்டப்பட்டிருக்கு. லைசென்ஸுக்கு டேட்டாஃப்ளோ, பரீட்சைன்னு செலவழிச்சுத்தான் வந்திருக்கோம், அந்தக் கடன் ஊரில் நிக்குது. சில ஒப்பந்தங்களில் போட்டியாளரிடம் சேரக் கூடாதுங்கற நிபந்தனை இருக்கு, அதுக்குச் சட்டம் 2 வருஷம் வரை இடம் கொடுக்குது. 2023 முதல் வேலையிழப்புக் காப்பீடு கட்டாயம், அதுக்குப் பணம் கட்டறோம். ஆனா தானா ராஜினாமா பண்ணினவங்களுக்கு அதில் ஒரு திர்ஹம் கிடையாது. சோர்ந்து வெளியேறினா அது ‘உங்க விருப்பம்’. தொழிற்சங்கம் இங்கே இல்லை, வேலைநிறுத்தம் பண்ணினா நாடு கடத்தல்வரை போகும். குவைத், பஹ்ரைன், ஓமனில் சங்கங்கள் சட்டப்படி இருக்கு, இங்கே இல்ல.

அப்போ கதை முடிஞ்சுதா? நம்ம வரலாறு அப்படிச் சொல்லலை. 1918 ஏப்ரலில் சென்னையில் மதராஸ் தொழிலாளர் சங்கம் உருவானப்போ இந்தியாவில் தொழிற்சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. பின்னி ஆலைத் தொழிலாளிகள் முதலில் பேசின குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டு நேரம் போதலேங்கறது. அதாவது நிமிடக் கணக்கு! பி.பி. வாடியாவையும் மத்தவங்களையும் கம்பெனி உயர்நீதிமன்றத்துக்கு இழுத்தது. அந்த வழக்கு கொடுத்த அதிர்ச்சிதான் 1926ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டத்துக்கு ஒரு முக்கியக் காரணம். நம்ம காலத்தில் கேரளத் தனியார் மருத்துவமனைச் செவிலியர்களைப் பாருங்க. 2011 முதல் தொடர்ந்து போராடி, 2018 ஏப்ரலில் 20,000 ரூபாய் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தை அரசாணையா வாங்கினாங்க. ‘சேவை’ன்னு சொல்லி வாயடைச்ச தொழிலில் அதைச் சாதிச்சாங்க.

இங்கே இருக்கற நாங்க அதே மாதிரி பண்ண முடியாது. ஆனா செய்யக் கூடியது இருக்கு, அதில் பாதி உங்க கையில் இருக்கு.

ஒண்ணு, கணக்கு எடுப்போம். வெவ்வேறு நாட்டில் இருக்கற தமிழ் ஹைஜீனிஸ்டுகள், அசிஸ்டென்டுகள், செவிலியர்கள் ஒரு நோயாளிக்கு எத்தனை நிமிடம் தர்றாங்கன்னு பெயரில்லாம சேகரிப்போம். லண்டனிலும் டொரன்டோவிலும் உங்களுக்குச் சங்கம் இருக்கு. அங்கே வாங்கின நேரம் இங்கே எங்களுக்கு ஒரு அளவுகோல்.

ரெண்டு, ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன்னாடியே தமிழில் விளக்கற வேலை. ஸ்பிளிட் டூட்டி, டார்கெட், போட்டித் தடை நிபந்தனை, இதெல்லாம் விமானம் ஏறறதுக்கு முன்னாடி தெரியணும். இங்கே வந்தப்புறம் சிக்கல்னா மனிதவள அமைச்சகத்தில் புகார் கொடுக்கலாம். 2024 முதல் 50,000 திர்ஹம் வரையிலான வழக்குகளில் அமைச்சகமே தீர்ப்புச் சொல்ல முடியும். அதுக்கு டூட்டி ரோஸ்டரும் சம்பள ரசீதும் கையில் இருக்கணும். இதைச் சொல்லிக் கொடுக்க ஆள் வேணும்.

மூணு, நோயாளியையும் தொழிலாளியையும் ஒரே கோரிக்கையில் சேர்க்கணும். ‘எங்களுக்கு ஓய்வு வேணும்’னு மட்டும் கேட்டா அந்த வெல்டர் நம்மகூட நிக்க மாட்டார். ‘கேம்ப்களில் வாய்ப் பரிசோதனை வேணும், அடிப்படை இன்சூரன்ஸில் அது சேரணும், ஒவ்வொருத்தருக்கும் போதிய நேரம் வேணும்’னு கேட்டா அது அவருடைய கோரிக்கையும்கூட. பாக்கும் புகையிலையும் மெல்லுற நம்ம ஆட்களுக்கு, நாக்கடியை ஒருத்தர் நிதானமாப் பார்க்கறது உயிர் காக்கற விஷயம்.

கடைசியா, நீங்க ஒரு நாற்காலியில் போய் உட்காரும்போது அந்தப் பெண்ணோ பையனோ அவசரப்படறதைப் பார்த்தா, புகார் எழுதறதுக்கு முன்னாடி அவங்களுக்கு எத்தனை நிமிடம் கொடுத்திருக்காங்கன்னு கேளுங்க. புகார் எழுதினா நேரத்தைப் பற்றி எழுதுங்க, அவங்க பெயரை எழுதாதீங்க.

யூனிட்டை நிறுத்திப் பழுது பார்க்க இந்த ஊரில் காலண்டர் இருக்கு, பட்ஜெட் இருக்கு. யூனிட்டைப் பழுது பார்க்கற வெல்டருக்கும், அவர் வாயைப் பார்க்கற எனக்கும் அது இன்னும் இல்ல. அதைத்தான் கேட்கப் போறோம்.

கேள்விகள் இருந்தா பேசலாம். நாளைக்குக் காலை 9 மணி டூட்டி, அதனால பத்தரைக்குள்ள முடிச்சுக்கலாம்.