தலையை விட்டு இடுப்பைப் பிடி



பழைய வால்வு ரேடியோ இருந்த வீடுகளில் அதன்மேல் வெள்ளை நூலில் பின்னிய ஒரு விரிப்பும் பெரும்பாலும் இருக்கும். ஓரத்தில் குஞ்சம் தொங்கும். பிறகு அந்த விரிப்பு டிவிக்கு மாறியது, அப்புறம் பிரிட்ஜுக்கு. குரோஷா என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது அதுதான்: மெல்லிய நூல், நிறைய ஓட்டை, நடுவில் ஒரு பூ. பள்ளிக்கூடத் தையல் வகுப்பில் நானும் அதைத்தான் கற்றேன்.

குன்னூருக்குக் குடிவந்த முதல் மார்கழியில் அந்தப் பின்னல் எனக்குக் கைகொடுக்கவில்லை. ஆசை ஆசையாய்ப் போட்ட சால்வையின் ஓட்டைகள் வழியே குளிர் நேராக உள்ளே வந்தது. எதிர்வீட்டு அக்கா மடியில் ஒரு போர்வை கிடந்தது. தொட்டுப் பார்த்தேன். விரல் நுனி ஒரு குழிக்குள் இறங்கியது. துணி முழுக்கக் கட்டம் கட்டமாக, ஒவ்வொரு கட்டத்தைச் சுற்றியும் பாத்திக்கு வரப்புக் கட்டியதுபோல மேடு. வாஃபிள் தையல் என்றார். வாஃபிள் பலகாரத்தின் மேலே இருக்குமே சதுரக் குழிகள், அதைப் பார்த்து வந்த பெயர்.

“இதெல்லாம் எனக்கு வராதுக்கா” என்றேன்.

“உனக்குத் தெரிஞ்ச டபுள்தாம்மா. ஊசி போற இடந்தான் வேற. தலைய விட்டுடு, இடுப்பப் பிடி” என்றார்.

இந்த ஒரு வரி பிடிபட்டால் போதும், தையல் வந்துவிடும். டபுள் குரோஷா உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, தையலுக்குள் விட்டு, நூலை இழுத்தால் ஊசியில் மூன்று கண்ணி நிற்கும். நூலைக் கோத்து இரண்டு கண்ணி கழற்ற வேண்டும், மறுபடி கோத்து இன்னும் இரண்டு. முடிந்தது. அப்படிப் போட்ட தையலை உற்றுப் பாருங்கள். உச்சியில் சங்கிலிபோல இரண்டு இழை இருக்கும், அது தலை. அதற்குக் கீழே தூண்போல நிற்பது உடம்பு. வழக்கமாக ஊசி தலைக்குள் போகும். இங்கே தூணின் வலப்பக்கம் முன்னாலிருந்து நுழைந்து, பின்னால் சுற்றி, இடப்பக்கம் மறுபடி முன்னால் வரும். இடது கைக்காரர்கள் வலத்தை இடமாக வைத்துக்கொள்ளுங்கள். மீதி வேலை அதே டபுள்தான். தூணை இடுப்போடு அணைத்துப் பிடித்ததால் அது துணியைவிட்டு எழும்பி நிற்கும். அந்த எழுச்சிதான் வரப்பு. இனி இதை முன்தூண் என்று சொல்கிறேன்.

கையில் ஊசி இருப்பவர்கள் கூடவே போட்டுப் பாருங்கள். 5 மில்லிமீட்டர் ஊசி, நடுத்தரத் தடிமனில் உல்லன் நூல். சங்கிலி 23 போடுங்கள். ஊசியிலிருந்து நாலாவது சங்கிலியில் தொடங்கி வரிசை முழுக்க டபுள். விட்ட மூன்று சங்கிலியும் ஒரு தையலாகக் கணக்கு, ஆக 21 தையல். திருப்பிக்கொண்டு 3 சங்கிலி ஏறுங்கள், இதுவும் ஒரு தையல். அடுத்ததில் ஒரு முன்தூண், பிறகு இரண்டு சாதாரண டபுள். ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு. இப்படியே போனால் கடைசியில் இரண்டு தையல் மிஞ்சும். அவற்றில் ஒரு முன்தூண், ஒரு டபுள்.

அடுத்த வரிசையில் இது தலைகீழாகும். 3 சங்கிலி ஏறியதும், போன வரிசையில் முன்தூண் இருந்த இடத்தில் சாதாரண டபுள். டபுள் இருந்த இரண்டு இடத்திலும் முன்தூண். கடைசி இரண்டும் சாதாரண டபுள். இந்த இரண்டு வரிசையையும் மாற்றி மாற்றிப் போட வேண்டியதுதான். முதல் இரண்டு வரிசையில் ஒன்றும் தெரியாது; மனம் தளர வேண்டாம். ஐந்தாறு வரிசை ஏறிய பிறகு சட்டென்று கட்டங்கள் கண்ணில் படும். அந்த நேரத்துச் சந்தோஷத்தை எத்தனை முறை போட்டாலும் நான் அனுபவிக்கிறேன்.

என் முதல் துண்டு மேலே போகப் போகக் குறுகி, கூரை மாதிரி ஆகிவிட்டது. வரிசை முடிவில், போன வரிசையின் தொடக்கத்தில் ஏறிய 3 சங்கிலியின், அதாவது ஏறுசங்கிலியின், உச்சியில் போட வேண்டிய கடைசி டபுளை ஒவ்வொரு முறையும் விட்டிருக்கிறேன். அக்கா அதை முழுக்கப் பிரிக்கச் சொல்லிவிட்டு, ஏறுசங்கிலியில் ஒரு சிவப்பு நூலை முடிந்து கொடுத்தார். இன்றும் எனக்கு அந்த அடையாளம் வேண்டும். வரிசைக்கு ஒரு தரம் 21 இருக்கிறதா என்று எண்ணுவதும் நல்லது.

இன்னொரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். நான் இங்கே டபுள் என்றது அமெரிக்கப் பெயர். பிரிட்டிஷ் முறையில் இதே தையலுக்குப் பெயர் டிரெபிள். அவர்களுடைய டபுள், அமெரிக்கர்களுக்கு சிங்கிள். பிரிட்டிஷ் முறையில் அச்சான பழைய புத்தகத்தையும் அமெரிக்க வீடியோவையும் ஒன்றாக வைத்துக்கொண்டு பழகினால், பாதி உயரத்தில் ஒரு துணி வரும், தவறு எங்கே என்று தெரியாது. எதைப் பார்த்துப் போட்டாலும் எந்த ஊர்ப் பெயர் என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

இந்தத் துணி கதகதப்பாக இருப்பதற்கு அந்தக் குழிகள்தான் காரணம். அசையாமல் அடைந்து கிடக்கும் காற்று வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. ஒவ்வொரு கட்டத்திலும் அப்படிக் கொஞ்சம் காற்று தங்குகிறது. பதிலுக்கு இது நூலை நிறையத் தின்னும். சாதாரண டபுளுக்கு வாங்கும் அளவில் போர்வையை ஆரம்பித்துவிடாதீர்கள். முதலில் ஒரு தலையணை உறை போடலாம். அதுவே ஒரு வாரம் பிடிக்கும்.

சென்னையிலும் மதுரையிலும் இருப்பவர்களுக்குப் போர்வை எதற்கு? பருத்தி நூலில் போடுங்கள். குழிகள் ஈரத்தை நன்றாக உறிஞ்சும். பாத்திரம் துடைக்க, குழந்தைக்கு முகம் துடைக்க அருமையான துணி. அடுப்பிலிருந்து சூடான சட்டியை இறக்கும் பிடிதுணிக்கும் பருத்திதான். உல்லன் என்று கடையில் கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக். அது சூட்டில் உருகும், கையைச் சுட்டுவிடும். இதில் மட்டும் தயவுசெய்து கவனமாக இருங்கள். அக்ரிலிக் போர்வைமேல் இஸ்திரிப் பெட்டியையும் வைக்கக் கூடாது. எழும்பி நின்ற தூணெல்லாம் படுத்துவிடும்.

குரோஷாவை ரேடியோ விரிப்போடு நிறுத்திவிட்டவர்களுக்கு ஒரு செய்தி. 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் குரோஷா போர்வையை விரித்துப் பெண்கள் கின்னஸ் சாதனை படைத்தார்கள். பலர் தனித்தனியாகப் போட்டு அனுப்பிய போர்வைகளைச் சேர்த்துக் கட்டியது அது.

நூல் வாங்கப் போகிறவர்கள் கறுப்பும் கருநீலமும் வேண்டாம். தலை எது, தூண் எது என்று கண்ணுக்குத் தெரியாது. சந்தன நிறமோ வெளிர் மஞ்சளோ எடுங்கள். சன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு வரப்பின் நிழலும் குழிக்குள் விழுவது தெரியும்.