விழுகிற பல்தானே என்று விடலாமா?

விடியுமுன் பெரட்டுக்குப் போகிறவர்கள் நாம். பிள்ளை அழக்கூடாதென்று சீனிப்பால் புட்டியை வாயில் வைத்துவிட்டுக் கிளம்புகிறோம். புட்டியோடு தூங்கும் பிள்ளையின் பல்லில் சீனி தங்குகிறது. வாயிலுள்ள கிருமிகள் அதை அமிலமாக்கிப் பல்லை அரிக்கின்றன. மூன்று வயதிலேயே முன்பல் கறுத்து முறிந்த பிள்ளைகள் நம் லயங்களில் எத்தனை!

"விழுகிற பல்தானே" என்கிறோம். கடைவாய்ப் பால்பல் பத்து, பன்னிரண்டு வயதுவரை நிற்க வேண்டியது. முன்னதாகப் போனால் பின்னால் முளைக்கும் பல் கோணும். அதுவரை பிள்ளை எதைக் கொண்டு மெல்லும்?

இது பல் டாக்டர் ஒருவரால் மட்டும் ஆகிற காரியமன்று. 1949இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சி தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அதனால் பெரும் நன்மை. ஆனால் பள்ளிக்கு வருமுன்னே சொத்தையான பல்லைத் தாதி என்ன செய்வார்? குழாய் நீரில் புளோரைடு சேர்க்க 1972இல் அரசு முடிவெடுத்தது. கிணற்று நீர் குடித்த லயங்களுக்கு அது எட்டவில்லை.

ஆகவே ஆயாக் கொட்டகையில் தூக்கப் புட்டிக்கு வெறும் தண்ணீரே போதும். இரண்டு நாள் அழும், பழகிவிடும். முதல் பல் முளைத்ததுமே, இரவில் அரிசியளவு புளோரைடு பற்பசையால் தாயோ தகப்பனோ தேய்த்துவிட வேண்டும்.

கிராணிமார்களே, பிள்ளையைப் பல் வைத்தியத்துக்குக் கொண்டுபோகும் தாய்க்குச் செக்ரோலில் அரைப்பேர் விழக்கூடாது. நிர்வாகத்திடம் இதைக் கேட்கப் போகிறோம். நீங்களும் கூட நில்லுங்கள்.