பழிச்சொல் வாதமாகாது!

(ஆரையம்பதியில் இளைஞர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



வாவிக்கும் கடலுக்கும் இடையில் அமைந்த இக்கரையில் முகத்துவாரம் வெட்டும் பேச்சு மாரிதோறும் எழுவதை நீங்கள் அறிவீர்கள். மழை மிகுந்து வாவி பெருகுகின்றது. படுவான்கரை வயல்களில் வெள்ளம் தேங்குகின்றது. “மணற்றிட்டை வெட்டி நீரைக் கடலுக்கு விடுங்கள்” என்கின்றார் வேளாண்மைக்காரர். “காலமறியாது வெட்டினால் வாவி வற்றும், மீனும் இறாலும் போய்விடும்” என்கின்றார் வலைகாரர். இரண்டும் கேட்கத் தக்க வாதங்களே. நீர் எவ்வளவு உயர்ந்துள்ளது, நெல் எப்பருவத்தில் நிற்கின்றது, கடல் எந்நிலையில் உள்ளது என்று ஆராய்ந்தால் முடிவு கிட்டும்.

ஆனால், கூட்டத்தில் எழும் சொல் யாது? “நீர் வயற்காரர், அப்படித்தான் சொல்வீர்!” “நீர் வலை வைத்திருப்பவர், நெல்லின் அருமை உமக்கு எப்படித் தெரியும்?” அவ்வளவுதான். நீர்மட்டத்தை அளக்க வந்தவர்கள் ஒருவரையொருவர் அளந்துவிட்டு வீடு திரும்புகின்றனர். வெள்ளமோ வயலிலேயே நிற்கின்றது.

சொன்னவரின் நலனைக் காட்டினால் சொல் பொய்யாகிவிடுமா? வயல் உடையவனுக்கு அன்றோ வயலின் துன்பம் முதலில் தெரியும்! அவன் நலன் அவன் சொல்லை ஆராய்ந்து பார்க்கக் காரணமாகலாம். ஆராயாமலே தள்ளிவிடக் காரணமாகாது.

இது மேனாட்டார் நமக்குக் கற்பித்த பாடம் என்று எண்ணற்க. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் பக்கப் போலி, ஏதுப் போலி, எடுத்துக்காட்டுப் போலி என்று போலி வாதங்களை வகுத்து உரைக்கின்றார். உண்மை காண நிகழ்வது வாதம். வெல்வதற்காக நிகழ்வது சற்பம். தன் கொள்கை எதனையும் நிறுவாது பிறர் கொள்கையைத் தகர்ப்பது விதண்டை என்று நியாய நூலாரும் பிரித்தனர். நம் அரசியல் மேடைகளில் இம்மூன்றனுள் எது மிகுதி என்பதை நீங்களே கூறுங்கள்.

சட்டம் கூறுவது யாது?

நாம் நீதிமன்றத்தில் உழைப்பவர்கள். அங்கே வழங்கும் நெறி சிலவற்றை இம்மேடைக்கும் கொண்டுவர விரும்புகின்றோம். இந்நாட்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன் 54ஆம் பிரிவின்படி, குற்ற வழக்கில் எதிரி தீய நடத்தையுடையவன் என்பது, சில விலக்குகள் நீங்கலாக, ஏற்கத்தக்க சங்கதியன்று. அவன் கெட்டவனா என்பதன்று கேள்வி. இக்குற்றத்தைச் செய்தானா என்பதே கேள்வி. 134ஆம் பிரிவு, ஒரு சங்கதியை நிரூபிக்க இத்தனை சாட்சிகள் வேண்டுமென்ற கணக்கு இல்லை என்கின்றது. ஆயிரம் பேர் கூவுவதனால் பொய் மெய்யாகாது; ஒருவரே கூறினும் மெய் பொய்யாகாது.

அப்படியாயின் குறுக்கு விசாரணையில் சாட்சியின் நம்பகத்தை நீங்கள் தாக்குவதில்லையா என்று கேட்பீர்கள். தாக்குகின்றோம், சட்டமும் அதற்கு இடமளிக்கின்றது. வேறுபாட்டைக் கவனியுங்கள். “நான் கண்டேன்” என்பவன் தன்னையே ஆதாரமாக வைக்கின்றான். ஆகவே அவன் கண் தெரிந்ததா, பகை இருந்ததா என்று கேட்பது முறை. “இக்காரணத்தால் இது நிகழும்” என்பவனோ காரணத்தை வைக்கின்றான். காரணத்தை அன்றோ சோதிக்க வேண்டும்! சாட்சியையும் வாதியையும் பிரித்தறியாதவர் இருவருக்கும் அநீதி செய்கின்றனர்.

சொல்லாததைச் சொன்னதாக்குதல்

எதிரி சொல்லாத ஒன்றை அவன் சொன்னதாக வைத்து அதனைத் தாக்குவது மற்றொரு போலி. இதன் பயனைத் தமிழர் நெடுங்காலம் அனுபவித்தனர். 1949 டிசம்பர் 18இல் தந்தை செல்வா தலைமையில் தமிழரசுக் கட்சி தோன்றிச் சமஷ்டி கேட்டது. ஒரே நாட்டினுள் அதிகாரத்தைப் பகிர்வதே சமஷ்டி. “நாட்டைத் துண்டாடக் கேட்கின்றனர்” என்பதே எதிர்மேடைகளின் விடையாயிற்று. கேட்டதற்கு மறுமொழி இல்லை. கேளாததற்கு ஆயிரம் மறுமொழி! இவ்வாதம் நீதிமன்றம் வரை சென்றது. அக்கட்சியின் நோக்கம் தனிநாடே என அறிவிக்குமாறு கோரிய மனுவை ஆராய்ந்த உயர் நீதிமன்றம், சமஷ்டி கோருவது பிரிவினை கோருவதாகாது என்று 2017 ஆகஸ்ட் 4இல் தீர்ப்பளித்தது. ஒரு போலி வாதத்தைக் களைய 67 ஆண்டுகள் கடந்தன.

நம் பக்கமும் நோக்குவோம். “1926இல் பண்டாரநாயக்காவே சமஷ்டியை ஆதரித்தாரே!” என்று நாம் முழங்குவதுண்டு. அவர் ஆதரித்தது உண்மை. சமஷ்டி தமிழரின் சூழ்ச்சி என்பாருக்கு அது தக்க விடை. ஆயின், சமஷ்டி நல்லது என்பதற்கு அது சான்றாகாது. அதனை வேறு காரணங்களால் நிறுவ வேண்டும். கைதட்டலுக்காக அந்த வேலையை நாம் விட்டுவிடலாகாது.

ஒருவன் செய்த தவறை அவன் ஊர்மேல் ஏற்றுவதும் போலியே. காத்தான்குடியும் ஆரையம்பதியும் வேலி ஒன்றாய் வாழும் ஊர்கள். ஒரு கடையில் ஒருவருக்கு நேர்ந்த பிணக்கை “அவர்கள் எல்லாரும் இப்படித்தான்” என்று பேசத் தொடங்கினால் அதன் விலை என்னவென்பதை இரு ஊர்களும் கண்டுள்ளன.

ஒரு சொல்லின் கதை

இறுதியாக, “துரோகி” என்ற சொல். இதனைக் கூற நமக்கு நா கூசுகின்றது, எனினும் கூறுவோம். யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பாவைத் துரோகியென்று வைத மேடைகள் தமிழ் மேடைகளே. 1975 ஜூலை 27இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பதினான்கு ஆண்டுகளின் பின், அதே பெயர் சூட்டப்பட்ட அமிர்தலிங்கம் 1989 ஜூலை 13இல் கொல்லப்பட்டார். அரசியலமைப்புத் தீர்வுக்கு உழைத்த நீலன் திருச்செல்வம் 1999 ஜூலை 29இல் கொல்லப்பட்டார். மூவரும் சட்டம் பயின்றவர்கள். அவர்களின் கொள்கைகள் பிழையாயிருந்திருக்கலாம். பிழையென்று நிறுவ வாதம் இருந்தது, ஏடு இருந்தது, தேர்தல் இருந்தது. “துரோகி” என்ற பின்னர் ஒருவன் சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை. கேட்க வேண்டாதவன் வாழவும் வேண்டாதவனானான். வசை கொலையன்று, ஆயினும் கொலைக்கு வழிவிட்டது வசை.

இளைஞர்களே! ஒரு பேச்சைக் கேட்கும்போது மூன்று கேள்விகளை மனத்தில் வையுங்கள். இவர் எதனை நிறுவ வந்தார்? அதற்குக் காட்டிய காரணம் யாது? அக்காரணம் மெய்யாயின் அம்முடிவு தொடருமா? மூன்றுக்கும் விடையின்றி ஒருவரின் குலத்தையும் ஊரையும் குடும்பத்தையும் பேசினால், அவரிடம் வாதம் இல்லையென்று அறிந்துகொள்ளுங்கள். பேசுபவர் எதிர்க்கட்சிக்காரராயினும் சரி, நாமேயாயினும் சரி, “காரணத்தைக் கூறுங்கள்” என்று எழுந்து கேளுங்கள்.

அந்தக் கேள்விக்கு அஞ்சாத மேடையே நம் மக்களுக்கு வேண்டிய மேடை.