சிறு வியாபாரத்திற்கு முதற் கணக்கு
(அவனியாபுரத்தில் கூடிய வாலிபர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வியாபாரம் தொடங்க விரும்பும் நம்மவர் பலர் முதலில் நாடுவன நல்ல நாளும் கடைக்குப் பெயருமாம். இவை வேண்டாவென யாம் கூறோம். ஆயினும், இவற்றிற்கு முன்னர் ஒரு தாளில் கணக்கெழுதிப் பார்த்தல் அவசியம். அக்கணக்கின்றிக் கடை திறந்தோர் இழப்பது போட்ட முதலை மட்டுமன்று. இல்லாளின் நகையும் குடியிருக்கும் வீடும் அதனோடு போதலுண்டு. ஆதலின் அதுபற்றியே இன்று சில சொல்லத் துணிந்தோம்.

முதலாவது, வாங்குவோர் யாவர்? தை முதல் நாள் ஜல்லிக்கட்டிற்கு இவ்வூரில் திரளும் ஜனங்களை நாம் அறிவோம். அவ்வொரு நாட் கூட்டத்தை மனத்திற்கொண்டு ஆண்டு முழுமைக்கும் வாடகை பேசுதல் தகாது. ஆடி மாதத்துச் சாதாரணச் செவ்வாய்க்கிழமையன்று அத்தெருவில் நின்று பாருங்கள். எத்தனை பேர் நடக்கின்றனர், எதை வாங்குகின்றனர், எந்நேரத்தில் வாங்குகின்றனர் என ஒரு வாரம் எண்ணி எழுதுங்கள்.

இரண்டாவது, நாளொன்றுக்கு எவ்வளவு விற்றால் கைநஷ்டம் இராது? இட்லி மாவுக் கடையை உதாரணமாகக் கொள்வோம். வாடகை, மின்சாரம், கூலி ஆகியவை நாளொன்றுக்கு 600 ரூபாய் என்க. ஒரு பொட்டலத்தின் விலை 40 ரூபாய். அரிசி, உளுந்து, உறை ஆகியவற்றின் செலவு 25 ரூபாய். மிச்சம் 15 ரூபாய். எனவே 40 பொட்டலம் விற்றால்தான் செலவு அடையும். நாற்பத்தொன்றாவதே லாபத்தின் தொடக்கம். கடனாகக் கொடுத்த 3 பொட்டலத்தின் பணம் வாராதொழிந்தால் நஷ்டப்படும் 120 ரூபாயை ஈடுசெய்ய மேலும் 8 பொட்டலம் விற்றாக வேண்டும். மதுரை வெயிலில் மாவு விரைவிற் புளிக்குமாதலின், விற்காது மீந்ததையும் செலவில் எழுதுதல் வேண்டும்.

மூன்றாவது, முதல் எங்கிருந்து வருவது? தண்டற்காரர் 8,500 ரூபாய் கொடுத்து, நாள்தோறும் 100 ரூபாயாக 100 நாளில் 10,000 வசூலிப்பதுண்டு. வட்டி 1,500தானே எனச் சிலர் எண்ணுவர். நாள்தோறும் திருப்புவதால், அந்நூறு நாளில் நம் கையில் நிற்கும் தொகை சராசரியிற் பாதியளவே. அதற்கு அவ்வட்டி என்றால், ஆண்டுக் கணக்கில் அது முதலையும் விஞ்சும்! கந்துவட்டியைத் தடுக்க 2003-ல் தமிழகத்திற் சட்டம் உண்டாயிற்று. ஆயினும் கடன்பட்ட பின்னர்ச் சட்டத்தைத் தேடுவதினும் படுமுன் கணக்கைப் பார்ப்பதே அறிவுடைமை. 2015-ல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரையிலான சிசுக் கடனுக்கு ஈடு வேண்டுவதில்லை. வங்கியை முதலில் நாடுங்கள்.

நமக்குத் தெற்கே விருதுநகரை நோக்குங்கள். அங்குள்ள நாடார் வணிகர் தம் வியாபாரத்தில் ஒரு சிறு தொகையை மகமையெனப் பொதுவுக்கு ஒதுக்கி வந்தனர். க்ஷத்திரிய வித்தியாசாலை அத்தகைய பொதுப்பணத்தால் வளர்ந்தது. அச்சமூகத்தார் 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கியைத் தொடங்கினர். 1962-ல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியெனப் பெயர் பெற்றது. சிறிதாயினும் தவறாது ஒதுக்கிய பணத்தின் வலிமை இதுவே.

நாமும் அவ்வாறே செய்தல் கூடும். கடைப் பெட்டி வேறு, வீட்டுப் பெட்டி வேறு என வையுங்கள். உரிமையாளரும் தமக்கென ஒரு சம்பளத்தைக் குறித்து, அதனை மட்டுமே வீட்டிற்கு எடுத்துச் செல்க. மூன்று மாதச் செலவுக்குரிய தொகையைத் தனியே வைத்த பின்னரே கடை திறக்க. கடை தொடங்க எண்ணும் வாலிபர் ஒவ்வொருவரும் மேற்கூறிய கணக்கை எழுதி, வியாபாரத்திற் பழகிய நம் பெரியோரிடம் காட்டுதல் வேண்டும். அவர்களும் சலியாது பார்த்து, குறைகளை மறையாது கூறுதல் வேண்டும். கணக்கு ஒவ்வாதெனில் அதனைத் தாளிலேயே கண்டுகொள்வது பெரும் லாபமன்றோ?