இளஞ்சேனைத் தலைவர்க்கு வேண்டுவன
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் பிள்ளைகள் சிலர் இராணுவ அதிகாரிகளாக விரும்பி முயல்வது நமக்குப் பெருமகிழ்ச்சி தருகின்றது. ஆயினும், தோளில் நட்சத்திரம் ஏறிய அன்றே ஒருவன் தலைவனாகி விடுகின்றானா என்பதை நாம் சிறிது ஆராய்தல் வேண்டும்.

1932-ஆம் ஆண்டில் 40 மாணாக்கரோடு தொடங்கிய டேராடூன் இராணுவக் கலாசாலையும், 1963-இல் சென்னைப் பரங்கிமலையில் ஏற்பட்ட பயிற்சிக் கழகமும் இளைஞரைத் திறம்படப் பழக்குகின்றன. சென்னையில் 1992 முதல் பெண்களும் பயில்கின்றனர். ஆகவே நாம் கூறுவது புதல்வியர்க்கும் பொருந்தும். ஆனால், அங்கே ஒருவன் கட்டளையிட்டுப் பழகுவது தன் வயதொத்த தோழர்க்கே.

பட்டாளத்திலோ நிலைமை வேறு. இருபத்திரண்டு வயது லெப்டினன்டின் முன்னே, இருபதாண்டுகளுக்கு மேல் சேவை செய்த சுபேதார் வந்து வணங்கி நிற்கின்றார். 'சுபேதார் ஸாஹிப்' என்று அவரை மரியாதையாக விளிப்பது நம் இராணுவ வழக்கம். இவ்விடத்திலே இளைஞர் இரு வகையில் தவறுவர். ஒருவர் கர்வத்தால் அவரை ஒன்றும் கேளார். மற்றொருவர் அச்சத்தால் யாவற்றையும் அவரிடமே விட்டுவிடுவார். கேட்டறிந்து, தாமே தீர்மானித்து, பழி வரின் தாமே ஏற்பவரே தலைவர். சிப்பாயின் தாய் நோயுற்றதையும், அவன் நிலத்து வழக்கையும் அவன் மொழியிலேயே விசாரித்தறிவதும் அவர் கடமையாம்.

இதற்குக் காலம் காத்திராது. அருண் கேத்தர்பால் என்னும் வீரர் 1971 ஜூனில் அதிகாரியானார். அவ்வாண்டு டிசம்பர் 16-இல் பசந்தர் போரில், தம் டாங்கி தீப்பற்றிய பின்பும், பீரங்கி இன்னும் இயங்குகின்றதென்று விலக மறுத்துப் போரிட்டு உயிர்நீத்தார். அப்போது அவர்க்கு வயது 21. பரமவீர சக்கரம் அவர் மறைவுக்குப்பின் அளிக்கப்பெற்றது. அதிகாரியாகி ஆறு மாதம் முடிந்தது, அவ்வளவே!

ஆதலின் பயிற்சி வீட்டிலேயே தொடங்குக. கல்யாணப் பந்தியை மேற்பார்க்கும் பொறுப்பைப் பிள்ளையிடம் விடுங்கள். பரிமாறுவோர் உண்டபின் அவன் உண்ணட்டும். குறை நேர்ந்தால், பெற்றோர் மறைக்காது, அவனையே பதில் சொல்லச் செய்யுங்கள். இன்னொன்றும் கூறுவோம்: பல நாட்டாரும் பல மொழியாரும் சூழ்ந்த பட்டாளத்தில் குலப்பெருமை செல்லாது, குணமே செல்லும். சங்கமாகக் கூடிய நாம் இதை நம் பிள்ளைகளுக்கு முதலில் உணர்த்துவோமாக.