ஆயிரம் வருஷத்துக் கல்லும் அம்மா பிறந்த வீடும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"உன் வெளிநாட்டுப் பயண அனுபவத்தைப் பற்றிப் பேசு" என்றார் நம் சங்கச் செயலாளர். நான் வெளிநாடு போனது ஒரே ஒரு முறைதான். அதுவும் தேனிலவுக்கு. "அதையே பேசுப்பா" என்று சொல்லிவிட்டார். (சிரிப்பு) பயப்படாதீர்கள், சபைக்குத் தகுந்ததை மட்டுமே சொல்வேன்.

2018 வைகாசியில் பழங்காநத்தத்தில் எங்கள் கல்யாணம். "தேனிலவுன்னா கொடைக்கானல்தானேடா, பஸ் ஏறுனா நாலு மணி நேரம்" என்றார் தாய்மாமா. நான் சரித்திரம் படித்தவன் அல்லவா? இலங்கைக்குப் போவோம் என்றேன். மதுரையில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கொழும்பு. சிகிரியா, பொலன்னறுவை, கடைசியில் இரண்டு நாள் திருகோணமலைக் கடற்கரை. இதுதான் திட்டம்.

மதுரைக்காரன் அந்த நாட்டுக்குப் போவது புதிதல்ல. சிங்கள இனத்தின் முதல் அரசன் என்று மகாவம்சம் சொல்லும் விஜயன், தன்னோடு வாழ்ந்த குவேனியை விரட்டிவிட்டு, தென்மதுரைப் பாண்டியன் மகளைத்தான் கேட்டு வாங்கிக் கட்டினான். கதையோ வரலாறோ, மதுரைப் பெண் ஒருத்தி அந்தக் கரையில் இறங்கியதாக அவர்கள் நூலிலேயே இருக்கிறது.

சிகிரியா சுமார் 180 மீட்டர் உயரமுள்ள ஒற்றைப் பாறை. 5-ஆம் நூற்றாண்டில் காசியப்பன் அதன் உச்சியில் அரண்மனை கட்டினான். பாதி வழியில் கண்ணாடிச் சுவர் என்று ஒன்று. அந்தக் காலத்தில் முகம் தெரியுமளவு பளபளவென்று இருந்ததாம். பார்க்க வந்தவர்கள் எல்லாம் 8-ஆம் நூற்றாண்டு தொட்டே அதில் கவிதை கிறுக்கியிருக்கிறார்கள். அவற்றில் 685 பாடல்களைப் படித்து, பரணவிதான என்ற அறிஞர் 1956-இல் நூலாக வெளியிட்டார். நம் கீழக்குயில்குடி சமணர் மலையில் இதயம் வரைந்து அம்பு விடும் தம்பிமார்களே, அவசரப்பட்டுச் சந்தோஷப்படாதீர்கள். அவர்கள் எழுதியது கவிதை! (கைதட்டல்)

அடுத்து பொலன்னறுவை. கி.பி. 993 வாக்கில் ராஜராஜன் படை அனுராதபுரத்தை வென்ற பிறகு, சோழர்கள் பொலன்னறுவையைத் தலைநகராக்கினார்கள். 1070-இல் முதலாம் விஜயபாகு மீட்கும் வரை அது அவர்கள் கையில் இருந்தது. சோழ அரசியின் பெயரால் எழுந்த வானவன் மாதேவி ஈஸ்வரம் இன்றும் விமானத்தோடு நிற்கிறது. சுவரெல்லாம் தமிழ் எழுத்து. கொஞ்ச தூரத்திலேயே இன்னொரு தமிழ்க் கல்வெட்டு. புத்தரின் புனிதப் பல்லை வைத்திருந்த கோயிலைக் காப்போம் என்று தமிழ் பேசிய வேளைக்காரப் படையினர் 12-ஆம் நூற்றாண்டில் கொடுத்த வாக்கு அது. ஒரு கல் படையெடுப்பைச் சொல்கிறது, ஒரு கல் காவலைச் சொல்கிறது.

இதையெல்லாம் நான் மணிக்கணக்கில் விளக்கிக்கொண்டு வந்தேன். என் மனைவி திடீரென்று நின்றார்.

"என்னங்க, ஆயிரம் வருஷத்துக் கல்லைப் பார்க்க இவ்வளவு தூரம் வந்தோம். எங்கம்மா பிறந்த வீடு இங்கேருந்து ஒரு நாள் தூரத்துலதான் இருக்கு. ரெண்டு தடவை சொல்லிட்டேன், நீங்க காதுலயே வாங்கலை."

அத்தை பிறந்தது ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டது. அந்தக் கணக்கில் ஒரு தலையாக, 1972-இல், பன்னிரண்டு வயதில், தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் தங்கி, மதுரைக்கு வந்தவர் அவர். இதை நான் பாடத்தில் படித்துப் பரீட்சையும் எழுதியிருக்கிறேன். ஆனால் என் வீட்டுக்கு வந்த பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. "கடற்கரையில ரூமுக்குப் பணம் கட்டியாச்சே" என்றேன். அவர் அதற்கு மேல் பேசவில்லை.

திருகோணமலையில் மலை விளிம்பில் கோணேசர் கோயில், கீழே நீலக்கடல். சம்பந்தர் பாடிய தலம். பழைய கோயிலைப் போர்த்துக்கீசியர் 17-ஆம் நூற்றாண்டில் இடித்தார்கள். எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கும் நண்பர் மைக் வில்சனும் 1956-இல் கடலடியில் அதன் கற்களைக் கண்டார்கள். எல்லாம் சொன்னேன். மனைவி தலையாட்டினார், அவ்வளவுதான்.

அன்று நிலாவெளியில் தங்கினோம். வெள்ளை மணல், முழங்கால் ஆழத்தில் பாதம் தெரியும் தண்ணீர். விடுதியில் சமைத்துப்போடும் அம்மா மட்டும் சாயங்காலமானால் கரையோரமாக எங்கோ போய்விட்டு வருவார். எங்கே என்று கேட்டேன்.

"வீடு இருந்த இடத்தைப் பார்க்க, தம்பி. சண்டைக்குள்ளயும் நிண்ட வீடு. 2004-ல கடல் கொண்டு போட்டுது. இப்ப அங்க ஒண்டுமில்ல. எண்டாலும் ஒருக்காப் பாக்கோணும் போல கிடக்கும்."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒன்றுமே இல்லாத இடத்தை ஒருவர் தினம் போய்ப் பார்க்கிறார். இருக்கிற வீட்டைப் பார்க்கக் கேட்டவரை நான் பணக்கணக்குச் சொல்லி அடக்கியிருக்கிறேன். விடிந்ததும் இரண்டாம் நாள் அறைப் பணத்தை விட்டுவிட்டு வேன் பிடித்தோம். கண்டி வழியாக ஹட்டன் சேர இருட்டிவிட்டது.

மறுநாள் காலை தோட்டத்தைக் கண்டுபிடித்தோம். வரிசையாக லயன் வீடுகள். அத்தை சொன்ன மாரியம்மன் கோயிலை வைத்து அடையாளம் பிடித்தார் என் மனைவி. குடியிருந்தவர்கள் உட்காரவைத்துப் பிளேன்டீ கொடுத்தார்கள். ஒரே அறை. அதில் எட்டுப் பேர் இருந்தார்களாம். என் மனைவி சுவரைத் தொட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றார். நான் முதல் முறையாக எதையும் விளக்காமல் பக்கத்தில் நின்றேன்.

ஊருக்கு வந்து போட்டோவைக் காட்டினோம். அத்தை கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "கதவுக்குப் பச்சை அடிச்சிட்டாங்களா மாப்பிள்ளை? அப்ப நீலம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. 2021-இல் அவர் காலமானார். அந்தப் போட்டோ அவர் தலையணைக்கு அடியில் இருந்தது. கடற்கரையில் இன்னொரு நாள் படுத்திருந்தால் அந்தப் போட்டோ கிடைத்திருக்காது.

மாணவச் செல்வங்களே, நீங்களும் கல்யாணம் செய்துகொள்வீர்கள், ஊர் சுற்றுவீர்கள். பழைய கற்களைப் பாருங்கள், கடலில் குளியுங்கள். புறப்படும் முன், கூட வருகிறவரிடம் "நீ பார்க்க வேண்டிய இடம் எது?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள். சரித்திரம் படித்த எனக்கு அந்தக் கேள்வி ஐந்து நாள் தாமதமாகத்தான் வந்தது.