மழை நாளில் வரும் நடுக்கம்

2014 ஆம் ஆண்டு அக்டோபர் 29 ஆம் நாள் காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையில், மீரியபெத்தைத் தோட்டத்தின் மலைச்சரிவு இடிந்து லயங்களை மூடிற்று. அங்கே உறவினரை இழந்த சிறுமி ஒருத்தி பின்னர் ஹாலிஎலவில் என்னிடம் பயின்றாள். தகரக் கூரையில் மழை விழுந்தால் அவள் கை சில்லிட்டுப் போகும்; மூச்சு முட்டும். "பயப்படாதே" என்று அதட்டினேன். நடுக்கம் மிகுந்ததேயன்றிக் குறையவில்லை.

யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரில் நொந்தோரின் துயரம் உடல்நோவாக வெளிப்படுவதை எடுத்தெழுதியுள்ளார். மூச்சுப் பயிற்சி, தசைகளைத் தளர்த்தல் முதலிய நம் மரபு முறைகள் அவர்களுக்கு ஆறுதல் தரும் என்பதும் அவர் கருத்து. இதனை அறிந்தபின் அதட்டுவதை விட்டேன். அவளருகே அமர்ந்து, "பாதம் தரையில் பதிந்திருக்கிறதா, பார். மூச்சை மெல்ல விடு" என்பேன். மாதங்கள் பல சென்றன. ஒரு மழை நாளில் அவளே, "நடுக்கம் வருகிறது, சேர், கொஞ்ச நேரத்தில் போய்விடும்" என்றாள்.

ஆயினும் உள்ளுணர்வு முழுவதையும் வீண் அச்சமென ஒதுக்கலாகாது. நிலத்திலோ சுவரிலோ புதிதாக வெடிப்புத் தோன்றினால், ஊற்றுநீர் திடீரெனக் கலங்கினால், மரங்கள் சாய்ந்தால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை வந்தால், தயங்காது வெளியேறுங்கள். அவை எவையும் இல்லாதபோது பிள்ளை நடுங்கினால், அது பழைய துயரம். அதட்டாதீர்கள், அருகிருந்து ஆற்றுங்கள். அது மெல்ல மெல்லத் தணியும்.